கொசுறுக் கடிவாளம்

வாங்க தம்பி, வாங்க. நாயி கொலைக்கும், கடிக்காது. வண்டி அந்த வேம்புக்கு அடியிலயே நிக்கட்டும், டிரைவரு தம்பியையும் எறங்கி நெழல்ல உக்காரச் சொல்லுங்க. மடத்துக்குளத்துல இருந்துதானே வர்றீங்க, குதிரை வாங்க? எங்கூட்டுக்காரரு சொல்லிட்டுத்தான் போனாரு. "ஆளு வருவாங்க, நீயே காட்டு"ன்னாரு. வெடியால ஏழு மணிக்கே மொபெட்ட எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. எருவு வாங்கக் காங்கயம் போறாராம். காட்டுல சொட்டு ஈரமில்ல, எருவ வாங்கி யாரு தலையில போடறது? சரி, அது கெடக்குது.

என்னமோ சொல்ல வந்தீங்க? இருங்க இருங்க, மொதல்ல இந்த மோரக் குடிங்க. அப்பறம் பேசலாம்.

குதிரை நல்ல குதிரைங்க. நான் குறை சொல்ல மாட்டேன். சுழி சுத்தம்னு அவரு போன்ல சொல்லியிருப்பாரு. சுத்தந்தான். ஆனா வவுத்துக்கு அடியில, பின்னங்காலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சுழி இருக்குதுங்க. அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. வாங்கறவங்ககிட்ட மறைக்கக் கூடாதில்லீங்களா, அதான் சொன்னேன். அப்பறம் வேட்டுச் சத்தம் ஆகாதுங்க அதுக்கு. தீவாளிக்கு அடுத்த தோட்டத்துல ஒரே ஒரு வெடி போட்டாங்க, கட்டி வெச்ச கட்டுத்தரையையே ரெண்டு சுத்து சுத்திருச்சு. நீங்க மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத்தானே கேட்டீங்களாம்? பேண்டு, வேட்டு, லைட்டு எல்லாம் இருக்குமே. பாவம், மாப்பிள்ளை. கண்ணாலத்தன்னைக்கே கைகால் ஒடிஞ்சு போனா பொண்ணூட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்க?

எனக்கென்ன வந்தது. குதிரை போனா எனக்குத்தான் நிம்மதி, லத்தி அள்ளற வேலை மிச்சம்.

இது எப்படி எங்க ஊட்டுக்கு வந்துதுன்னு கேளுங்க. எங்களுக்கு இருவது ஏக்கரா கொறங்காடு இருக்குதுங்க. அதோ தெரியுது பாருங்க, சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல வெள்ளவேலா மரம். அதுல மாடும் ஆடும் மேயுது. இத்தனை வருசமா அவரு நடந்துதான் சுத்திப் பாத்துட்டு வருவாரு. போன ஆடியில அந்தியூர்ச் சந்தைக்குப் போனாரு. போறப்ப "சும்மா பாத்துட்டு வர்றேன்"னாரு. சும்மா போன மனுசன் குதிரையோட வந்து நிக்கறாரு! "என்னுங்க இது?"ன்னா, "கொறங்காட்டச் சுத்திப் பாக்க"ங்கறாரு. ஏனுங்க, அறுவது வயசுல, சக்கரை நோயி, முட்டி வலி. ரெண்டரை வயசுக் குட்டி, சேணம்னா என்னன்னே தெரியாது அதுக்கு. இவருக்கும் தெரியாது. நல்ல ஜோடி.

அதுகூடப் போச்சாதுன்னு உட்டரலாம். கூடவே ஒரு தகரப் பொட்டி கொண்டாந்தாரு. அதுதானுங்க எங்க ஊட்டுக்கு வந்த சனியன். அதுக்குள்ள கடிவாளம். ஒண்ணில்ல, ரெண்டு. ஒண்ணு பாத்துப் பாத்து வாங்குனது, பித்தளைப் பூவெல்லாம் வெச்சு மினுமினுன்னு இருக்குது. இன்னொண்ணு சந்தைக்காரன் போறப்பக் கொசுறாத் தூக்கிப் போட்டது. ரெண்டு துண்டு மழமழன்னு இரும்பு, நடுவுல மூட்டு, ரெண்டு பக்கமும் வளையம், அவ்வளவுதான். "இது எதுக்கு, மாட்டுக்காச்சும் ஆகுமா?"ன்னு அவரே பொட்டிக்கு அடியில போட்டுட்டாரு.

பித்தளையப் போட்டாரு. வாய்க்குள்ள போற அந்தக் கம்பி பெரிய குதிரைக்கு அடிச்சதுங்க. இதுக்கு வாயி சின்னது. இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் வந்து நிக்குது. பித்தளைப் பூ வேற கன்னத்துல குத்துது. குட்டி தலைய உதறுது. இவரு என்ன பண்ணோணும்? அளவு பெருசுன்னு கழட்டி வெக்கோணும். இல்லீங்க. "கம்பி பத்தல, இன்னும் கடுசா வேணும்"ங்கறாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அப்பறம் ஆரம்பிச்சுதுங்க. தெனமும் பொழுதோட அந்தப் பொட்டியத் தொறந்து வெச்சுட்டு உக்காந்துக்குவாரு. தொடைப்பாரு, எண்ணை போடுவாரு, கையில தூக்கித் தூக்கிப் பாப்பாரு. எங்க புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட இந்த மனுசன் இத்தனை யோசிக்கலீங்க. மாப்பிள்ளைய ஒரு மத்தியானத்துல முடிச்சாரு. கம்பிய நாலு மாசம் பாத்தாரு.

அவரு பங்காளி ஒருத்தர் இருக்காரு, பொங்கியண்ணன்னு. குதிரை ரேக்ளா ஓட்டறவரு. உங்களுக்குத் தெரியும், அவரு மூலமாத்தானே நீங்க வந்ததே. அவரு வந்து பாத்தாரு. "பங்காளி, குதிரைக்கு வாயிதான் பிரேக்கு. பிரேக்குல ஈரம் இருந்தா ஆகுமா?"ன்னுட்டு ஒரு முள்ளுக் கம்பியக் குடுத்துட்டுப் போனாரு. நெருஞ்சி முள்ளாட்டம் சுத்தியும் பல்லு பல்லா இருக்குமே, அது. அடுத்த நாள் அதப் போட்டு, வாரப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாரு. குட்டி நின்னுருச்சு. "பாத்தியா, எப்படி நிக்குது"ன்னு என்னையப் பாத்துச் சிரிக்கறாரு. நான் பக்கத்துல போயிப் பாத்தா, கடவாயோரத்துல நுரையோட செவப்பா ஒழுகுது.

எனக்குன்னா கண்ணுல தண்ணி வந்துருச்சு. வாயில்லாத சீவன்னு சொல்லுவாங்க, இதுக்கு வாயி இருக்கறதாலதானே இத்தனை ரோதனை? உப்புத் தண்ணி வெச்சுக் கழுவி உட்டேன். அவரும் கூடவே நின்னு தண்ணி மோந்து குடுத்தாரு. அந்த முள்ளுக் கம்பிய அன்னைக்கே கெணத்துல வீசிட்டேன். "எங்க அது?"ன்னு கேட்டாரு. "எனக்கென்ன தெரியும், எலி தூக்கிட்டுப் போயிருக்கும்"னேன். செரின்னு போயிட்டாரு. இரும்பத் தூக்கற எலி இருக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கோணுமே! அவ்வளவு வெகுளி.

குதிரை மேல இருக்கற ஆசையில சொல்றேன்னு நெனைக்காதீங்க தம்பி. ஆருக்கும் அந்த நேரத்துல அப்படித்தான் இருக்கும்.

கோயமுத்தூர்ல இருக்கற எம்பையன் ரப்பர் சுத்துன கம்பி ஒண்ணு அனுப்பி வெச்சான். ரெண்டே நாள்ல ரப்பர மென்னு துப்பிருச்சு. அப்பறம் முறுக்குக் கம்பி, செம்புக் கம்பி, ஒத்தைக் கம்பின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல, கெணத்துல போனதையும் சேத்து மொத்தம் பதினொண்ணு ஆகிப் போச்சு. கடைசியா வந்தது ரெண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டுக்குக் கம்பி தொங்கறது. சுண்டு விரல்ல இழுத்தாப் போதும், தாடையே கழண்டு போற மாதிரி இறுக்கும். நல்லாப் பழகுன குதிரைக்குப் போடறதாம் அது. இவரு குட்டிக்குப் போட்டுட்டு ஏறுனாரு. கார்த்திகை மாசங்க. ஏறுன உடனே பயத்துல வாரக் கெட்டியாப் புடிச்சுட்டாரு. புடிக்கப் புடிக்க அது பின்னால போகுது, போகப் போக இவரு இன்னும் புடிக்கறாரு. நேரா ரெண்டு காலத் தூக்குச்சு பாருங்க, எங்கூட்டுக்காரரு கிளுவை வேலிக்குள்ள கெடக்கறாரு! குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுதுங்கற கதையா, தோள்பட்டை எலும்பும் உட்டுப் போச்சு, முதுகெல்லாம் முள்ளு. நான் ஊசி வெச்சு முள்ள எடுக்க எடுக்க, "இது அடங்காத சாதி, வித்தே தீருவேன்"னு கத்தறாரு. அன்னைக்குத்தான் பொங்கியண்ணங்கிட்டச் சொல்லி, அவரு உங்ககிட்டச் சொல்லி, உங்களுக்கு வாக்குக் குடுத்தது. பங்குனியில வந்து ஓட்டிக்கறேன்னு நீங்களும் சொன்னீங்களாமே.

என்னுங்க? இல்லீங்க, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. வாக்குன்னா வாக்குத்தான். சித்த இருங்க, முடிச்சுர்றேன்.

அவரு தோள்ல கட்டோட கட்டில்ல. குதிரைக்குத் தீனி போடறது ஆரு? நாந்தான். அப்பப் பாக்கறேன், சோளத்தட்ட மெல்லுது, மெல்லுது, பாதி மென்னத உருண்டையாக் கீழ துப்புது. கொள்ளு வெச்சா ஒரு பக்கமாத் தலையச் சாச்சுத் திங்குது. எனக்குக் கடவாப்பல்லு வலி வந்தப்ப நானும் அப்படித்தான் தலையச் சாச்சுத் தின்னேன். கையக் கழுவிட்டு மெதுவா வாய்க்குள்ள உட்டுப் பாத்தா, பல்லு ஆடுதுங்க தம்பி!

அன்னைக்கு மாட்டுக்கு ஊசி போட மேனகான்னு கால்நடை டாக்டரம்மா வந்தாங்க. அவங்களையும் பாக்கச் சொன்னேன். டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு, "பாவாத்தாக்கா, இது பால் பல்லு மாத்துது. புதுப் பல்லு அடியில இருந்து முட்டுது, ஈறெல்லாம் வீங்கிக் கெடக்குது. இந்த நேரத்துல தங்கத்துல கம்பி போட்டாலும் தலைய உதறத்தான் செய்யும். ரெண்டு மாசம் வாயில எதையும் வெக்காதீங்க"ன்னாங்க.

கேட்டீங்களா? பதினோரு கம்பி! பொங்கியண்ணன், எம்பையன், சந்தைக்காரன், அத்தனை பேரும் கம்பியத்தான் பாத்தாங்க, ஒருத்தராச்சும் வாயத் தொறந்து பாத்தாங்களா? எங்கூட்டுக்காரருகிட்டப் போயிச் சொன்னேன். செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தாரு. "ம்"னாரு. அவ்வளவுதான். காதுல வாங்கவே இல்ல. அவருகிட்டப் பேசறது ஆட்டுக்கல்லுகிட்டப் பேசற மாதிரி. ஆம்பளைங்களே அப்படித்தான், சொல்றதக் காது குடுத்துக் கேக்கற பழக்கமே இல்ல.

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. இருங்க, இன்னும் கொஞ்சந்தான்.

ரெண்டு மாசமும் வெறும் முகக்கயித்தோட நடத்துனேன். ஆசைக்கில்லீங்க, கட்டியே போட்டா காலு வீங்கிப் போகும்னு. "நட"ன்னா நடக்கும், "நில்லு அம்மிணி"ன்னா நிக்கும். அம்மிணின்னு பேரெல்லாம் வெக்கல, சும்மா வாயில வந்தது. அவரு வெச்ச பேரு மகாராணி. அந்தப் பேரச் சொன்னா அது திரும்பிக்கூடப் பாக்காது.

தையி முடிஞ்சு டாக்டரம்மா மறுக்காப் பாத்தாங்க, பல்லெல்லாம் செட்டாயிருச்சுன்னாங்க. அப்ப நான் அந்தப் பொட்டியத் தொறந்தேன். வாயகலத்த ஒரு நூல்ல அளந்து, கம்பிகளோட வெச்சுப் பாத்தேன். அத்தனையில எது செரியா இருந்துதுன்னு நெனைக்கறீங்க? அந்தக் கொசுறுதானுங்க! சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். அளவும் செரி, முள்ளில்ல, முறுக்கில்ல. ஆனாலும் ஒரு சந்தேகம். சோப்புப் போட்டுக் கழுவிட்டு என் வாயில வெச்சுப் பாத்தேன். நீங்க ஆருகிட்டயும் சொல்லிராதீங்க. வெடியாலக் குளுருல அந்த இரும்பு பல்லுல பட்டுது பாருங்க, உச்சி மண்டை வரைக்கும் விர்ருன்னுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது. அன்னையில இருந்து சுடுதண்ணியில போட்டு வெதுவெதுன்னு ஆக்கித்தான் வெக்கறது. மேல கொஞ்சம் நாட்டுச்சக்கரை. குதிரை வாயில முன்பல்லுக்கும் கடவாப்பல்லுக்கும் நடுவுல பல்லில்லாத எடம் ஒண்ணு இருக்குதுங்க, அதுல போயி அலுங்காம உக்காந்துருச்சு. கடவாயோரம் ஒரே ஒரு சுருக்கம் விழுந்துது, அவ்வளவுதான். நக்கிட்டே நிக்குது. மூணாம் நாள், நான் கம்பியக் காட்டறதுக்கு முன்னாலயே அதுவா வாயத் தொறக்குதுங்க தம்பி!

அப்பறம்... சரி, இதையும் சொல்லிர்றேன். நீங்க இன்னைக்குப் போனா நாளைக்கு ஆரோ. நான் அது மேல ஏறிப் பாத்தேன். ஏறலீங்க, சும்மா உக்காந்து பாத்தேன். மத்தியானம் அவரு தூங்கற நேரம், சீலைய இழுத்துச் சொருகிட்டு, தண்ணித் தொட்டி மேல நின்னு. மொதநாள் சும்மா நின்னுது. ரெண்டாம் நாள் நாலடி. இப்பக் கொறங்காட்ட ரெண்டு சுத்து சுத்தி வந்துருவோம். வார நான் இழுக்கறதே இல்ல, விரல லேசா மூடுனாப் போதும், புரிஞ்சுக்கும். மேல இருந்து பாத்தா வெள்ளவேலா மரமெல்லாம் குட்டையாத் தெரியுதுங்க. அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் அந்தக் காட்டக் கீழ இருந்தே பாத்திருக்கறேன்.

அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. கட்டில சன்னலோரமா இழுத்துப் போட்டுக்கிட்டாரு. என்னுங்கன்னா, காத்து வருதாம். இந்தப் பங்குனியில எங்க காத்து? கட்டுத்தரை நாத்தந்தான் வரும். அப்படியே கொறட்டை உட்டுத் தூங்கறாரு. கண்ண மூடுன உடனே கொறட்டை, நான் எறங்கி வந்தப்பறமும் கொறட்டை. கடைக்குப் போனா ரெண்டு கிலோ நாட்டுச்சக்கரை வாங்கிட்டு வந்து வெக்கறாரு, சக்கரை நோயாளி! கைக்கட்டுப் பிரிச்ச உடனே மொத வேலையா என்ன பண்ணுனாரு தெரியுமா? விக்கப் போற குதிரையோட சேணத்து வாரெல்லாம் உக்காந்து புதுசாத் தெச்சாரு. வேலையத்த மனுசன். அதுக்கப்பறம் ஒரு பெரிய பலகைக் கல்ல உருட்டிட்டு வந்து தண்ணித் தொட்டிகிட்டப் படியாட்டம் போட்டு வெச்சுருக்கறாரு. எதுக்குன்னா, கால் கழுவவாம். யாராச்சும் முழங்கால் ஒசரத்துக்குக் கல்லப் போட்டு அதுமேல ஏறி நின்னு கால் கழுவுவாங்களா? அதையும் ஒழுங்காப் போடல. கால வெச்சா ஆடுதுங்க.

அந்தப் பையில என்னங்க கலகலங்குது? எடுங்க, பாக்கலாம்.

ஓ.

இதுவும் முள்ளுதான். சுத்தியும் பல்லு. ஊர்வலத்துல குதிரை மெரண்டா நிறுத்தோணும், நீங்களும் பொழைக்கோணும். உங்களக் குத்தம் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க தம்பி. இத நீங்க எப்பவாச்சும் வாயில வெச்சுப் பாத்திருக்கீங்களா? சுடுதண்ணி இருக்குது, கழுவித் தர்றேன்.

வேண்டாங்களா. செரி.

அது வாயி இப்ப எப்படி இருக்குது தெரியுங்களா? ரெண்டு பக்கமும் காயமில்லாம, பூவாட்டம் இருக்குது. ஒரே ஒரு ஊர்வலம் போதும். நான் என்னத்தச் சொல்றது. அவரு வாக்குக் குடுத்துட்டாரு. அவரு குதிரை, அவரு வாக்கு. எங்கிட்டக் கேட்டா வாங்குனாரு, எங்கிட்டக் கேட்டு விக்க? கொண்டு போங்க. கூட ஒரு பொட்டணம் நாட்டுச்சக்கரை கட்டி வெச்சுருக்கறேன். கம்பிய வெதுவெதுன்னு பண்ணிட்டு...

ஒண்ணுமில்லீங்க. கண்ணுல தூசி.

சொல்லுங்க தம்பி. வந்ததுல இருந்து என்னமோ சொல்ல வர்றீங்க, நாந்தான் உடல. சொல்லுங்க.

பேக்கரியிலயா? எங்க ரோட்டு மொக்குல இருக்கற பேக்கரியிலயா? காங்கயம் போறேன்னுதானே போனாரு! வெடியால இருந்து அங்கயா உக்காந்துருக்காரு? வண்டிய நிறுத்தி என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க.

"வாக்குக் குடுத்தது வாஸ்தவந்தான். ஆனா அந்தக் குதிரை இப்ப என்னுதில்ல. ஊட்டுல குதிரைக்காரி இருக்கா, அவளக் கேளுங்க. அவ செரின்னு சொன்னா ஓட்டிட்டுப் போங்க"ன்னாருங்களா?

குதிரைக்காரின்னா சொன்னாரு?

அந்த வார்த்தையவேவா?

அப்ப அந்தக் கல்லு கால் கழுவறதுக்கில்ல.

அட மனுசா. ரெண்டு மாசமா கொறட்டை உட்டாரே தம்பி, ஒரு நாளாச்சும் கண்ணத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? எலி இரும்பத் தூக்கிட்டுப் போச்சுன்னு நாஞ்சொன்னதுக்கு அவரு செரின்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கோணும்.

குடுக்கலீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, அம்மிணிய நான் குடுக்கல. அந்தச் சுழியெல்லாம் ஒண்ணுமில்ல, நாஞ்சொன்னது பொய்யி. வயசுக்கு மூத்தவ பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. சோறு தயாரா இருக்குது, டிரைவரு தம்பியையும் கூப்பிடுங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகோணும். வெறுங்கையோட அனுப்ப மனசில்ல. அந்தப் பொட்டியில ஒம்பது கம்பி இருக்குது, உறுத்தாததாப் பாத்து எது வேணுமோ எடுத்துக்குங்க. ரப்பர் போனதும் கெடக்குது, அதையும் எடுத்துக்குங்க. கொசுறு மட்டும் கேக்காதீங்க.

போறப்ப ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. பேக்கரிகிட்ட வண்டிய நிறுத்துங்க. அங்கயே உக்காந்துருப்பாரு, ஒளிஞ்சுக்கத் தெரியாது. கொழம்பு ஆறிப் போகுதுன்னு சொல்லுங்க. அப்பறம் தொட்டிகிட்டக் கல்லு ஆடுது, வந்து அடியில ஒரு சில்லுக்கல்லு குடுத்து ஆடாம நெறவச் சொல்லுங்க. ஆரு சொன்னான்னு கேப்பாரு. குதிரைக்காரி சொன்னான்னு சொல்லுங்க.